நரைத்துப் போன பம்பர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்பதில் எனக்கும் சந்தோஷம். பழைய காரையே அவளுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய், நல்லது. முதல் கீறல் புது வண்டியில் விழ வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். நான்தான் ஓய்வு பெற்றேன், என் முட்டிவலி இன்னும் வேலையில் இருக்கிறது.

சரி, பம்பர் விஷயத்துக்கு வருகிறேன். பெயின்ட் பளபளவென்று இருக்க, கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, என்ன தடவலாம் என்று கேட்டிருக்கிறாய். தடவுவது கடைசி வேலைடா. அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். அதன் கறுப்பு, உள்ளே கலந்திருக்கும் கார்பன் கரி. அது வெயிலில் வெளுக்காது. புற ஊதாக் கதிர் மேற்பரப்புப் பிளாஸ்டிக்கைச் சிதைத்து மாவு மாதிரி ஆக்கிவிடுகிறது, அதில் வெளிச்சம் சிதறுவதால்தான் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்துப் பார். நனைந்ததும் கறுத்து, காய்ந்ததும் வெளுத்தால் கறுப்பு அடியில் பத்திரமாக இருக்கிறது. பெயின்ட்டை ஒட்டிய ஓரங்களில் திட்டுத் திட்டாக வெள்ளை இருந்தால் அது வெளுப்பே அல்ல, என்றைக்கோ போட்ட வாக்ஸ் பாலிஷ் சொரசொரப்புக்குள் போய் உறைந்தது.

இரண்டுக்கும் முதல் மருந்து பிரஷ்தான். அந்தச் சொரசொரப்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பள்ளம், துணி உள்ளே போகாது. மென்மையான பிரஷ்ஷும் கார் ஷாம்பும் எடுத்துத் தேய். முதலில் நுரை அழுக்கு நிறத்தில் வரும், வெள்ளையாக வரும்வரை விடாதே. நன்றாகக் காய்ந்த பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரு துடைப்பு. தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதே.

அப்புறம்தான் பூச்சு. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சிலிக்கான் பாலிஷ் அன்றைக்கு ஜோராக இருக்கும், தூசியை இழுக்கும், மழை வந்தால் பெயின்ட் மேல் கோடு கோடாக வழியும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதி. தண்ணீரில் கலந்து வரும் வகை பிசுபிசுக்காது, ஆனால் அவ்வப்போது மறுபடி போட வேண்டும். பிளாஸ்டிக்குக்கென்றே வரும் செராமிக் கோட்டிங் இறுகிப் பிடித்துக்கொண்டு நெடுநாள் நிற்கும். என் ஓட்டு அதற்குத்தான். ஒன்று மட்டும், அழுக்கின் மேல் போட்டால் அழுக்கும் சேர்ந்து நெடுநாள் நிற்கும். ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள். பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கான் எதையும் தடவாதே, பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வித்தையைப் பார்த்திருப்பாய். சூடு காட்டியதும் கறுப்பு திரும்பிவிடும், உண்மைதான். மேல்தோல் லேசாக உருகிப் படிவதால் வரும் கறுப்பு அது. வெயிலிலிருந்து புதுக் காப்பு எதுவும் அதில் இல்லை. பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும், ஹீட் கன்னோ அதைவிட மிக அதிகச் சூட்டை ஊதும். கை ஒரு கணம் நின்றால் போதும், சொரசொரப்பு அழிந்து அந்த இடம் வழுவழுப்பாகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

கதவு ஓரத்து ரப்பர் பட்டை, அதாவது பீடிங், வேறு சாதி. அதற்கு வேண்டியது கறுப்பு அல்ல, நெகிழ்வு. பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். அதனால் சாதாரண கிரீஸ், வாசலைன் வேண்டாம். சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, துணியில் சிலிக்கான் ஸ்பிரே தொட்டு மெல்லிசாகத் தடவு. வெடித்துப் போன பீடிங்குக்கு மருந்தே கிடையாது, மாற்றிவிடு. வைப்பர் ரப்பரில் எதையும் பூசாதே, கண்ணாடி மங்கும். மகள் ஓட்டப்போகிற வண்டி என்பதால் இதையும் சொல்கிறேன்: பளபளப்புக்கு ஆசைப்பட்டு பெடலிலும் ஸ்டியரிங்கிலும் தடவிவிடாதே, வழுக்கும்.

முதலில் பின் பம்பரின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் போட்டு, ஒரு மழை பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி