மொரிஸ் மைனரைப் பதிக்கப் போகிற மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். நம் மொரிஸ் மைனர் காரை மூன்று அங்குலம் பதித்துத் தரைக்குக் கிட்ட இறக்கப் போகிறாய், அகலமான அலோய் வீல் போடப் போகிறாய், முன்னுக்கு டிஸ்க் பிரேக், பழைய ஷொக் அப்சோர்பரைக் கழற்றிவிட்டுப் புது மாதிரி, இத்தனையும் முடித்துக்கொண்டு தைப்பொங்கலுக்கு அதிலேயே ஹட்டனுக்கு வந்து இறங்கப் போகிறாய். சந்தோஷம். போனில் கதைத்தால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன் என்று நினைக்காதே. கராஜில் பில் எழுதினது நான், கொழும்பில் கார் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு விடியக்காலை பஸ் ஏறிப் போய் சாமான் பார்த்து வாங்கினதும் நான், எந்தச் சாமான் போட்ட கார் ஒரு மாசத்தில் திரும்பி வந்தது என்பது அப்பாவைவிட எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறது.

கார் மேலே ஏறி வருவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 948 சிசி, 37 குதிரைவலு, கித்துல்கலையில் இருந்து கினிகத்தேனை வரைக்கும் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டாவது வந்து சேர்ந்துவிடும், சூடேறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடலாம். நீ மலை இறங்கித் திரும்பிப் போகிற அன்றைக்குத்தான் எனக்கு நித்திரை வராது. அதனால் இந்தக் காரில் நீ எதை மாற்றினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மழையில், ஆட்களோடு, இறக்கத்தில் இது உதவுமா, உதவாதா? உதவாது என்றால் அது அழகுக்கு. அழகுக்குச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதைக் கடைசியாகச் செய்.

பதிக்கிற விஷயம். மைனருக்கு முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, காரின் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் போகிற டோர்ஷன் பார் என்கிற கம்பிதான், நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி அந்தக் கம்பி முறுகித்தான் காரைத் தாங்குகிறது. பின்பக்கம் அந்தக் கம்பியின் பல்லை ஒன்று இரண்டு தள்ளிப் போட்டால் கார் இறங்கிவிடும், செலவில்லாத வேலை, அதனால்தான் நீ சொன்ன கராஜ்காரர் "அரை நாள் வேலை" என்கிறார். இறக்கினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லமாட்டார். சில்லு மேலே ஏற இருக்கிற இடம் குறையும், ஒவ்வொரு குழிக்கும் ரப்பர் முட்டில் போய் இடிக்கும், இடிக்கிற நேரத்தில் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. கொழும்பில் அது உனக்குத் தெரியாது. நம் வீட்டுக்கு வருகிற தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் கொங்கிரீட் உடைந்து கல் எழும்பி நிற்கிறதே, அங்கே என்ஜினுக்கு அடியில் இருக்கிற ஒயில் சம்ப் முதலில் வந்து சேரும், நீ பிறகு நடந்து வருவாய். ஒரு அங்குலம் என்றால் சரி. உண்மையில் இந்த வயதில் அது தானாகவே அவ்வளவு தொய்ந்திருக்கும், சமதரையில் நிறுத்தி வலது இடது இரண்டு பக்கமும் அளந்து பார், டிரைவர் பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதைத் தூக்கிச் சமமாக்குவதுதான் செய்ய வேண்டிய வேலை. ஒரு எச்சரிக்கை: கம்பியைக் கழற்றினால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட விடாதே. ஒரு பக்கமாக முறுகிப் பழகின இரும்பு, எதிர்ப்பக்கம் முறுக்கினால் உடையும். கழற்றும்போதே சோக்கட்டியால் அடையாளம் போடச் சொல்.

ஷொக் அப்சோர்பரைக் "கழற்றி எறிந்துவிட்டு" என்று எழுதியிருந்தாய். முன்னுக்கு அதைக் கழற்றி எறிய முடியாது மகன். மைனரில் அந்தப் பழைய கை வைத்த ஷொக்தான் சஸ்பென்ஷனின் மேல் கையே, அதை எடுத்தால் சில்லைப் பிடித்திருக்க மேலே ஒன்றும் இல்லை. குழாய் ஷொக் போடுகிற செட் வாங்கினாலும் பெரும்பாலும் பழையது அங்கேயே இருக்கும், புதுசு பக்கத்தில் சேரும். இது தெரியாமல் ஒருவர் உனக்கு விலை சொல்லியிருந்தால் அவர் மைனரைத் தொட்டதில்லை. பழைய ஷொக்கின் தலையில் ஒரு மூடி இருக்கும், திறந்து ஒயில் இருக்கிறதா பார், வற்றியிருந்தால் ஊற்று, அதிலேயே பாதித் துள்ளல் அடங்கிவிடும். கை ஆடினால், ஒயில் ஒழுகினால் மட்டும் மாற்று.

இப்போது நீ லிஸ்ட்டில் எழுதவே எழுதாத ஒன்று. கிங் பின். மைனரின் சில்லு திரும்புவது மேலும் கீழும் மரை வெட்டிய ஒரு பின்னில், அந்த மரைக்கு கிரீஸ்தான் உயிர். கிரீஸ் போகாவிட்டால் கீழ் மரை தேயும், தேய்ந்துகொண்டே இருக்கும், உனக்கு ஸ்டியரிங் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, ஒரு நாள் மரை முழுதாக விட்டு சில்லு காருக்கு அடியில் மடிந்துவிடும். பாதையோரத்தில் முன்கால் மடித்துக் கிடக்கிற மைனர்களை இழுத்துக்கொண்டு வந்துதான் நம் கராஜ் பாதி நாள் ஓடியது. பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் மடியும், அது கடவுள் புண்ணியம், ஆனால் இறக்கத்துக் கொண்டைஊசி வளைவில் நீ செய்வதும் அதைத்தானே. எந்த ஆடம்பரத்துக்கும் முந்தி இதைப் பார். கீழ்க் கைக்கு அடியில் ஜெக் வைத்துச் சில்லைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளே வெளியே ஆட்டு, ஆட்டம் இருந்தால் எங்கே இருந்து வருகிறது என்று இன்னொருவர் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிரீஸ் அடிப்பதும் சில்லைத் தூக்கி வைத்துத்தான், பாரம் இருக்கும்போது அடித்தால் தேய்கிற பக்கத்துக்கு கிரீஸ் போகாது, வெளியே வழிவதைப் பார்த்து "அடிச்சாச்சு" என்பார்கள். பழைய அழுக்கு கிரீஸ் வெளியே தள்ளிப் புதுசு வரும்வரை அடி. சர்விஸ் ஸ்டேஷன் பையன்களை நம்பாதே, ஒரு கிரீஸ் கன் வாங்கி டிக்கியில் வைத்துக்கொள், ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நீயே செய். கார் கழுவுகிற நேரம்கூட ஆகாது.

அகல வீலை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். வீல் வெளியே தள்ளத் தள்ள இந்தப் பின்னில் விழுகிற பாரம் கூடும், ஸ்டியரிங் கனக்கும், முழு ஒடிப்பில் மட்கார்டில் உரசும்.

பிரேக். இங்கேதான் காசைச் செலவழி. நம் கார் 1960 மாடல், சில்லோடு சுழல்கிற முன் பிரேக் டிரம் 7 அங்குலம். 1962இல் 1098 சிசி என்ஜின் வந்தபோது கம்பெனியே முன் டிரம்மை 8 அங்குலமாக்கியது. அந்த மாடலின் முன் பிரேக்கை முழு செட்டாக, தகட்டோடு எடுத்தால் நம் காரில் உட்காரும். ரைலி ஒன் பொயின்ட் பைவ், வூல்ஸ்லி 1500 இரண்டும் மைனரின் அடியில் இருந்து பிறந்த கார்கள், அவற்றின் 9 அங்குல டிரம்மையும் மைனருக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவை இப்போது யாரிடமாவது கிடந்தால் தங்க விலை சொல்வார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திறந்து விடும்வரைக்கும் பழைய இரும்புக்கெல்லாம் என்ன விலை ஏறியது என்று உனக்கே தெரியும், ஏறினது இறங்கவா போகிறது. எனக்கு 8 அங்குலம் போதும் என்றுதான் படுகிறது.

டிஸ்க் கெட்டது இல்லை. டிரம் சூடானால் விரிந்து, அதில் உரசிப் பிடிக்கிற ஷூவின் லைனரை விட்டு விலகும், மிதி ஆழமாகப் போகும், லைனரும் சூட்டில் பிடிப்பை விடும். டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, மைனரின் முன் டிரம்மில் இரண்டு ஷூவுமே கார் முன்னுக்குப் போகும்போது தானாக இழுபட்டு இறுகுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், அதனால் முன்னுக்கு நன்றாகப் பிடிக்கும், கார் பின்னுக்கு உருண்டால் அந்த இறுக்கம் கிடையாது. ஏற்றத்தில் பஸ்ஸுக்கு வழி விட நிறுத்தும்போது கால் பிரேக்கை மட்டும் நம்பினால் மெல்ல மெல்லப் பின்னால் போவது இதனால்தான், ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பழகு, நிறுத்திவிட்டு இறங்கினால் கியரில் விட்டு முட்டுக்கட்டை வை. டிஸ்க்குக்கு முன்பின் பேதம் இல்லை. ஆனால் போடுவதென்றால் முழுதாகப் போடு: மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்காகக் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு ஒன்று இருக்கிறது, அதை எடுக்காவிட்டால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும். மிதியை இலேசாக்குகிற சர்வோ இல்லாவிட்டால் மிதி கல்லாக இருக்கும், உன் மனைவியோ நானோ ஓட்ட முடியாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு, படத்தைப் பார்த்து முடிவெடுக்காதே.

எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் இதைச் செய்: நாலு சில்லுக்கும் ஒரே பிரேக் ஒயில் லைன், எங்கே ஒழுகினாலும் நாலும் போகும், மிச்சம் ஹேண்ட்பிரேக்தான். ஆகவே ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு, துருப்பிடித்த பைப் இருந்தால் செம்பு-நிக்கல் பைப். பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர்ப் பனியிலும் மழையிலும் கேட்கவே வேண்டாம். புது டொட் 4 ஒயில் 230 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் குடித்தது 155 பாகையிலேயே கொதிக்கலாம், டொட் 3 இன்னும் கீழே. கொதித்தால் லைனில் ஆவி, மிதி தரைக்குப் போகும். ஒயில் பார்க்கிற மூடி டிரைவர் காலடியில், கார்ப்பெட்டைத் தூக்கினால் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக வடித்து மாற்று. பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ண முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், பின்சில்லில் ஒன்று, எல்லாவற்றையும் டைட் பண்ணி ஒரே அளவில் விடச் சொல், ஒரு பக்கம் இழுத்தால் ஈர ரோட்டில் கார் சுழலும்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கு. முதல் கியருக்கு, ஓடும்போது கியர் சுலபமாக விழ உதவுகிற சிங்க்ரோ இல்லை, இறக்கத்தின் நடுவில் அதைத் தேடாதே, முதலிலேயே போட்டுக்கொண்டு இறங்கு. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல் அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிட்டு வா. லைனர் வாசம் வந்தால் ஓரம் கட்டு, அவசரப்பட்டு டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, வெடிக்கும். நுவரெலியாவில் தங்கச்சியைப் பார்க்கப் போனால் நானுஓயாவில் ரதெல்ல குறுக்கு ரோட்டில் இறங்காதே. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் போனார்கள். பெரிய ரோட்டால் சுற்றிப் போ.

டயருக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 155/80 பதினாலு ரேடியல் நாலும் ஒரே மாதிரி போடு, பழைய ரிம்முக்கு டியூப் வேண்டும். முன்னுக்கு, தேய்ந்த டயரில் புதுப் பூ ஒட்டின ரீபில்ட் டயர் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் நாலு எண் அடித்திருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம், 1418 என்றால் 2018இல் பதினாலாவது வாரம், பூ நன்றாக இருந்தாலும் அதை நான் வாங்கமாட்டேன். நீ படத்தில் காட்டிய டயர் எந்த வருஷம் என்று பார்த்து அனுப்பு. ஸ்பெயார் வீலையும் பார், அது இன்னும் பழைய நூல் டயர் என்றால் ரேடியலோடு ஒரே அச்சில் கலக்கக் கூடாது.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிடு. மெக்கானிக் பாஸ் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார், அப்பாவுக்கு முழங்கால் முடியாது, காரின் கீழே படுக்க நீதான் வேண்டும். வரும்போது பஞ்சிகாவத்தையில் கிரீஸ் நிப்பிள் எட்டு, கிங் பின்னின் கீழ் மரை உட்காருகிற டிரனியன் செட் ஒன்று, நல்ல டொட் 4 ஒரு லீட்டர் வாங்கி வா, மூடி சீல் உடையாமல் இருக்கிறதா பார்த்து வாங்கு. பில்லை எறிந்துவிடாதே, எனக்கு வேண்டும்.

அம்மா