முப்பத்தேழு சென்ட் சீட்டு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அப்பாவாகப் படித்ததால் எல்லாமே நன்றாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவனாக இரண்டாம் முறை படித்தபோதுதான் பென்சிலைத் தேட வேண்டியதாயிற்று. இரண்டு நண்பர்களும் வெள்ளிக்கிழமை இரவு லாஸ் ஏஞ்சலஸில் புறப்பட்டு லாஸ் வேகாஸ் போய்ச் சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அங்கே சூதாட்டத்தில் ஒரே இரவில் 40,000 டாலரைத் தொலைக்கிறார்கள் என்று வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவ்வளவு பணம் போனால் அது நகைச்சுவை இல்லையம்மா, கடனை யார் அடைப்பது என்கிற கவலை பார்க்கிறவர்களையும் பிடித்துக்கொள்ளும். தொகையைச் சிறிதாக்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1996இல் டக் லைமன் இயக்கிய ‘ஸ்விங்கர்ஸ்’ படத்தை எனக்குப் போட்டுக் காட்டியவளே நீதான். இரண்டு, இரண்டரை லட்சம் டாலருக்குள் முடித்த படம். அதை எழுதிய ஜான் ஃபாவ்ரோவே நாயகனாக நடித்து, நண்பனாக வரும் வின்ஸ் வானுடன் வேகாஸுக்குப் போகும் பகுதியை நினைத்துப் பார். குறைந்தபட்சப் பந்தயம் 100 டாலர் என்று இருக்கிற பிளாக்ஜாக் (21ஐத் தாண்டாமல் அதை நெருங்கவேண்டிய சீட்டாட்டம்) மேஜையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போக வெட்கப்பட்டு, கையில் 11 வந்ததும் பந்தயத்தை இரட்டிப்பாக்கச் சொல்லி நண்பன் நச்சரிக்க, அதையும் செய்து தோற்கிறான். போனது சில நூறு டாலர்தான். ஆனால் ஆட்டக் கணக்குப்படி அந்த நண்பன் சொன்னது பிசகே இல்லை: பதின்மூன்று வகைச் சீட்டுகளில் பத்தும் மூன்று படச்சீட்டுகளும் பத்து மதிப்புடையவை என்பதால், 11ஐ வைத்திருப்பவனுக்கு அடுத்த சீட்டில் 21 அமைய 13க்கு 4 வாய்ப்பு உண்டு. தப்பான யோசனை சொன்னவனைத் திட்டித் தீர்த்துவிடலாம், சரியான யோசனை சொல்லித் தோற்கடித்தவனை என்ன செய்வது? உன் கதையில் நண்பன் வெறும் முட்டாளாக இருப்பதால்தான் அவர்களுடைய சண்டை இரண்டே வரியில் முடிந்துபோகிறது.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டுகிற ரூலெட் காட்சியிலும் ஒரு பிழை இருக்கிறது. ஆறு முறை தொடர்ந்து கறுப்பு விழுந்ததால் அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும் என்று ஆடுகிறவன் சொல்வது சரி, சூதாடுபவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் கதையும் அவனோடு சேர்ந்து அதை நம்பி, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வேறு எழுதிவிட்டது. அமெரிக்கச் சக்கரத்தில் பொதுவாக 38 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, மீதி இரண்டு பச்சை. அந்தப் பச்சைதான் சூதாட்ட விடுதிக்காரனுடைய கூலி. சக்கரத்துக்கு முன்பு விழுந்ததெல்லாம் ஞாபகத்தில் இருக்காது. இந்த இடத்தில் உனக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. தோற்றால் இரட்டிப்பாக வை, என்றைக்காவது ஜெயித்தே தீருவாய் என்று இவன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டட்டும். 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு முறை தோற்றால் போனது 630 டாலர். ஏழாவதற்கு 640 வைக்கவேண்டும், மேஜையின் உச்சவரம்போ 500 என்று ஆட்டத்தை நடத்துகிற டீலர் மரியாதையாகச் சொல்லட்டும். ஏறக்குறைய 47 தடவை இப்படி ஆரம்பித்தால் ஒரு தடவை நேரக்கூடிய விபத்துதான் இது. வெறும் பத்து டாலர் லாபத்துக்கு 630 டாலரை வாரிக் கொடுத்துவிட்டு, அந்தக் காகிதத்தை இரண்டு பேரும் மாறி மாறிச் சரிபார்க்கிற ஒரு முழு நிமிடத்தை நீ வசனமே இல்லாமல் எடுக்கலாம்.

நானும் உன் சித்தப்பாவும் வேகாஸ் போய் வந்த கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவன் ஸ்லாட் மெஷின் என்கிற சூதாட்ட இயந்திரத்தில் அறுபது டாலர் விட்டான். கடைசியில் இயந்திரம் 37 சென்ட் என்று அச்சடித்த ஒரு சீட்டைத் துப்பியது. அதை மாற்ற அவன் வரிசையில் போய் நின்றான். எனக்கு மானம் போயிற்று, கிழித்துப் போடடா என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே திரும்பிக்கொண்டிருந்த நெடுஞ்சாலை 15இல், கார் நத்தையாய் ஊர்ந்தது. வழியில் பேக்கர் என்ற ஊரில் இருக்கும் 134 அடி வெப்பமானிக் கோபுரம் தெரிகிறவரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, “அறுபதுக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை, முப்பத்தேழு சென்டுக்கு மட்டும் உனக்கு வெட்கமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

சிறிய தொகை உன் பட்ஜெட்டுக்கும் உதவும். விடுதியின் ஆட்டக்கூடத்துக்குள் சின்னக் குழுவாகப் போய்ப் படமெடுக்க அனுமதி கிடைப்பது அரிது, திருட்டுத்தனமாக எடுக்கப் போனால் காவலர்கள் வெளியேற்றிவிடுவார்கள். ஒரே ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்து, சுற்றிலும் இருட்டாக்கி, இயந்திரங்களின் கலகலப்பைப் பிறகு ஒலியில் சேர்த்துக்கொள். மிச்சத்தைக் காரிலும் மோட்டல் அறையிலும் வைத்துக்கொள். மிச்சமாகும் பணத்தை ஒலிப்பதிவில் போடு. ராபர்ட் ஆல்ட்மன் 1974இல் இரண்டு சூதாடிகளைப் பற்றிய ‘கலிஃபோர்னியா ஸ்பிளிட்’ படத்தை எடுத்தபோது எட்டுத் தடங்களில் ஒலியைப் பதிவு செய்ததால்தான், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசியபோதும் வேண்டியதை அவரால் பிரித்தெடுக்க முடிந்தது. உன் நண்பர்களும் ஒருவரை ஒருவர் முடிக்கவிடாமல் பேசுகிறவர்கள். ஆளுக்கொரு மைக் மாட்டிவிடு.

அந்தப் படத்தின் முடிவையும் ஒருமுறை திரும்பப் பார். அந்தச் சூதாடிகள் இருவரும் ரெனோ நகரத்தில் 82,000 டாலர் ஜெயிக்கிறார்கள். ஆடி ஜெயித்தவனோ எதுவுமே தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறான். உன் கடைசிப் பக்கத்தில் மணியடித்து விளக்கெரிந்து ஜாக்பாட் விழுவதை நான் பென்சிலால் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாம்.

இதை எழுதும் முன் உன் சித்தப்பாவிடம் அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். இன்னும் பர்ஸில்தான் வைத்திருக்கிறானாம், எழுத்தெல்லாம் மங்கிக் காகிதம் வெள்ளையாகிவிட்டதாம். படத்துக்குத் தேவையென்றால் தருவான். ஆனால் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னான்.

அன்புடன்,
அப்பா