வேலை போவது வேறு, சான்று போவது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

தவறு செய்யும் போலீஸ்காரரை அமெரிக்காவில் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை மெச்சியிருந்தது. அனுப்புகிறார்கள்தான். அவர் பக்கத்து ஊரில் போய்ச் சேர்ந்துகொள்வதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

அங்கே ஊருக்கு ஊர் தனிக் காவல்துறை. 2014இல் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸைச் சுட்டுக் கொன்ற காவலர், அதற்கு முன் இன்டிபென்டன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தவர். பணிக்கு லாயக்கில்லாதவர் என்று அங்கே கோப்பில் எழுதியே வைத்திருந்தார்கள். அவர் ராஜினாமா செய்தார். கிளீவ்லண்ட் அந்தக் கோப்பைப் பார்க்காமலே வேலை கொடுத்தது. 2017இல் அவரை நீக்கியதுகூடச் சுட்டதற்காக அல்ல, விண்ணப்பத்தில் பொய் சொன்னதற்காக! அடுத்த ஆண்டே ஒஹையோவில் இன்னொரு சிற்றூர் அவரைப் பகுதிநேரக் காவலராக எடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே விலகினார்.

நான் கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகள் இருந்தவன். வழக்கமாகப் போகும் முடிதிருத்தகத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாநில உரிமம் தொங்கும். "இதைப் பிடுங்கிவிட்டால் இந்த மாநிலத்தில் எங்குமே கத்தரிக்கோலைத் தொட முடியாது" என்பார் கடைக்காரர். அந்த நாளில் இடுப்பில் துப்பாக்கியோடு திரியும் காவலரிடம், காவலராக வேலை பார்ப்பதற்கான சான்றை அப்படிப் பிடுங்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. 2021இல்தான் சட்டம் வந்தது. 2018இல் போலீஸ் சுட்டு இறந்த கென்னத் ராஸ் ஜூனியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பொய், பாலியல் வன்முறை, இன வெறுப்பு மட்டுமல்ல, சக காவலர் வரம்பு மீறி அடிப்பதைத் தடுக்காமல் நிற்பதும் சான்றை ரத்து செய்யப் போதுமான காரணம். ராஜினாமா செய்தாலும் விசாரணை நிற்காது. சான்றை ரத்து செய்யலாமா என்று பரிந்துரைக்கும் ஒன்பது பேர் குழுவில் இரண்டு இடங்களுக்குக் காவலர் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களையோ பறிகொடுத்த குடும்பத்தாரையோ முக்கியமாகக் கருத வேண்டும் என்கிறது சட்டம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் ஒரு மாநில எல்லைக்குள். சான்று இழந்தவர்களின் தேசியப் பட்டியல் ஒன்று உண்டு. நடத்துவது காவலர் பயிற்சி வாரிய இயக்குநர்களின் சங்கம். மாநிலங்கள் அதற்குப் பெயர்களை அனுப்பியே தீர வேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் இல்லை. சில மாநிலங்களில் சான்றை ரத்து செய்ய நீதிமன்றத் தண்டனையே வேண்டும். "உடனே வீட்டுக்கு" என்ற வரியைத் திருத்தி வெளியிடுவீர்களா?

இரா. ச.,
திருச்சி