‘இருக்கக்கூடும்’ என்பதோடு நின்றுவிடாதீர்கள்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும், விமானப்படைத் தளபதி அவர்களுக்கும் வணக்கம்.

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், சேலையூரில் குடியிருப்பவன் நான். 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 ரகப் போக்குவரத்து விமானம் (எண் கே-2743) போய்ச் சேரவில்லை. சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டரில், 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது சட்டென்று இடப்பக்கம் திரும்பி, மளமளவென்று உயரம் இழந்து, ராடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். அவர்களில் எட்டுப் பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள். சீருடை போடாதவர்கள்.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின. எதுவும் கிடைக்கவில்லை. செப்டம்பரில், இறந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று குடும்பங்களுக்குச் சொன்னீர்கள். உடல் இல்லாத வீட்டில் அந்தச் செய்தியை எப்படி ஏற்றுக்கொள்வார்கள்? திதி கொடுக்கவே கை நடுங்கியிருக்கும்.

2024 ஜனவரி 12 அன்று உங்கள் அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி வாகனம், சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது. தொட்டபெட்டாவை அப்படியே தூக்கி அங்கே இறக்கினாலும் அதன் உச்சிக்கு மேல் 700 மீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். அந்த இருட்டுக்குள் போய்த் தேடிய நம் விஞ்ஞானிகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். படங்கள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, ஆகவே அதுவாக இருக்கக்கூடும் என்றது அறிக்கை.

ஏழரை ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ‘இருக்கக்கூடும்’ என்ற ஒரு சொல். ஏன் விழுந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

2015 ஜூனில் காரைக்காலுக்கு அப்பால் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். நீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவியின் சத்தத்தை நம் நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது, ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிதைவுகள் கிடைத்தன, சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து, கறுப்புப் பெட்டி எனப்படும் பதிவுக் கருவியையும் எடுத்துவிட்டார்கள். அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 பயணிகள் விமானத்தின் கறுப்புப் பெட்டிகளை 2011-இல் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து மீட்டார்கள். விழுந்து இரண்டு ஆண்டு கழிந்த பின்பும் அவை பேசின.

ஆழத்தைக் காரணம் சொல்ல முடியாது. நம் விமானத்தின் பதிவுக் கருவியை எடுக்கும் திட்டம் உண்டா, இல்லையா? விமானப்படையின் உள்விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி) என்ன கண்டது? ராணுவ ரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. இயந்திரக் கோளாறா, வானிலையா, வேறெதுவுமா என்று அந்த 29 வீடுகளுக்காவது எழுத்தில் சொல்லுங்கள். இதே ரக விமானங்களில் இன்னும் ஆட்கள் ஏறுகிறார்கள். கடல் தாண்டிப் போகும் ஒவ்வொன்றிலும் நீருக்கடியில் ஒலிக்கும் கருவி இருக்கிறதா என்பதையும் தெரிவியுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த இடம் எதுவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். வரும் ஜூலை 22 அன்று, விருப்பப்படும் குடும்பத்தாரை ஒரு கப்பலில் ஏற்றி அங்கே கூட்டிப்போங்கள். அவரவர் வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
சேலையூர்வாசி ஒருவன்