குவாண்டம் இயற்பியலுக்கு அரை மணி நேரம்: தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கினால் உங்கள் அலைவரிசைகளில் 'க்யூஎல்இடி' தொலைக்காட்சிப் பெட்டிகளின் விளம்பரங்கள் ஓயாமல் வருகின்றன. அந்தத் திரைகளுக்குள் இருப்பவை குவாண்டம் புள்ளிகள் எனப்படும், சில நானோமீட்டர் அளவே உள்ள நுண்மணிகள். ஒரே பொருளால் ஆனவை என்றாலும் அவற்றில் சிறியவை பச்சையாகவும் சற்றுப் பெரியவை சிவப்பாகவும் ஒளிர்கின்றன. எலெக்ட்ரான் அடைபட்டிருக்கும் இடம் எவ்வளவு குறுகியதோ அதற்கேற்ப அதன் ஆற்றல் மாறும் என்ற குவாண்டம் விதியே, அதாவது அணு அளவிலான நுண்ணுலகின் விதியே, இதற்குக் காரணம். இந்த மணிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் ஆகிய மூவருக்கும் 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் நேயர்களின் வரவேற்பறையில் ஏற்கெனவே குடியேறிவிட்ட இந்த இயற்பியலை விளக்கும் தமிழ் நிகழ்ச்சி ஒன்றுக்கு இடம் கேட்டே இதை எழுதுகிறேன்.

"மக்களுக்குப் புரியாது" என்பதே வழக்கமாக வரும் பதில். புரியாமற்போவதற்கு நேயர்களைக் காட்டிலும் நாம் சொல்லும் முறையே காரணம் என்பது என் கருத்து. நீலநிறத்தில் சுழலும் கணினி வரைகலை, மர்மப் பின்னணி இசை, ஒரே நேரத்தில் உயிரோடும் இறந்தும் இருக்கும் பூனை, பிறகு "குவாண்டம் இயக்கவியலை யாரும் புரிந்துகொள்ளவில்லை" என்ற அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் வாக்கியம் என்று ஒரு வாய்பாடே உருவாகிவிட்டது. (1935இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அந்தப் பூனையைக் கற்பனை செய்தது, குவாண்டம் கோட்பாட்டுக்கு அன்று தரப்பட்ட விளக்கத்தை அப்படியே ஏற்றால் எத்தகைய அபத்தத்தில் கொண்டுபோய் விடும் என்று காட்டத்தான் என்பதை எந்த நிகழ்ச்சியும் சொல்வதில்லை.) ஃபைன்மன் அந்த வாக்கியத்தை 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிபிசி படமெடுத்த சொற்பொழிவு ஒன்றில் சொன்னார். சொன்ன கையோடு, எலெக்ட்ரான்கள் இரு துளைகளின் வழியே எப்படிச் செல்கின்றன என்பதைத் துப்பாக்கிக் குண்டுகளோடும் நீரலைகளோடும் ஒப்பிட்டு, கரும்பலகையின் துணையோடு தெளிவாக விளக்கவும் செய்தார். அந்த விளக்கம் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்து ஒளிபரப்புவது, முயன்று பார்க்கவே வேண்டாம் என்று நேயரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதாகும்.

நான் வேண்டுவது ஒன்றுதான்: விளக்கத்துக்கு முன் சோதனையைக் காட்டுங்கள், காட்டும்போது அவசரப்படாதீர்கள். ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுராவின் குழுவினர் செய்து 1989இல் வெளியிட்ட சோதனை, தொலைக்காட்சிக்கென்றே செய்ததைப் போன்றது. மின்னேற்றம் பெற்ற நுண்ணிழை ஒன்றின் இரு பக்கங்களிலும் எலெக்ட்ரான்கள் செல்ல வழியுண்டு. கருவிக்குள் ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று என்று தனித்தனியே வருமளவுக்கு அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். திரையில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் விழுகின்றன. நூறு புள்ளிகள் ஆனாலும் ஒழுங்கு எதுவும் தெரிவதில்லை. ஆயிரங்களைத் தாண்டும்போது வரிவரியாக ஏதோ தட்டுப்படுகிறது. பல்லாயிரம் சேர்ந்ததும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது மட்டுமே தோன்றும் வரிவரியான குறுக்கீட்டுக் கோலம் தெளிவாக நிற்கிறது. தனியாக வந்த ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரே புள்ளியில்தான் விழுந்தது என்பதை நேயர் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்; கோலத்தையும் பார்க்கிறார். அந்தக் காட்சியை இசையின்றி ஓடவிட்டு, அடுத்த புள்ளி எங்கே விழும் என்று வீட்டிலிருப்பவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியாது, இயற்பியலாளராலும் முடியாது. ஆனால் இறுதியில் உருவாகும் கோலத்தை அவரால் முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்ட முடியும். குவாண்டம் கோட்பாட்டின் மையம் இதுவே. இதற்குச் சமன்பாடு எதையும் திரையில் காட்ட வேண்டியதில்லை. எலெக்ட்ரான் எந்தப் பக்கமாகச் சென்றது என்பதைப் பதிவுசெய்ய ஒரு கருவியை வைத்தால் வரிகள் மறைந்துவிடும் என்பதை அடுத்துச் சொல்லலாம். அவ்விடத்தில், பதிவு நிகழ்ந்தாலே போதும், மனிதர் எவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும். 'மனம் உலகைப் படைக்கிறது' என்ற உபதேசங்களெல்லாம் இந்த ஓர் இடைவெளி வழியாகத்தான் நுழைகின்றன.

நம் பக்கத்திலேயே இன்னொரு சோதனை இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் தினம் வரும்போது, கடல் ஏன் நீலம் என்று கண்டறிந்ததற்காகச் சர் சி.வி. இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கடற்பயணம் அவருக்குள் கேள்வியை எழுப்பியது உண்மை. ஆனால் 1928இல் கல்கத்தாவில் அவரும் அவருடன் ஆய்வு செய்த கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது வேறு. சூரிய ஒளியை ஊதா-நீல வடிகட்டி ஒன்றின் வழியே ஒரு திரவத்துக்குள் செலுத்தி, அந்த நிறத்தை முற்றிலும் தடுக்கும் பச்சை வடிகட்டி ஒன்றின் வழியே பார்த்தார்கள். நிறம் மாறாதிருந்தால் அங்கே இருள் மட்டுமே தெரிய வேண்டும். மங்கலான ஒளி தெரிந்தது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்று, தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறுகிறது. மூலக்கூறும் தோன்றிய அளவையெல்லாம் வாங்கிக்கொள்வதில்லை. தனக்கென்று வகுக்கப்பட்ட அளவுகளை மட்டுமே ஏற்கும். இது முழுக்க முழுக்கக் குவாண்டம் நிகழ்வு. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இதை உங்கள் ஒளிப்பதிவாளரே படமெடுத்துவிடலாம்.

தேர்ந்தவர்களும் இதில் சறுக்குவதுண்டு. 2011 டிசம்பரில் பிபிசி ஒளிபரப்பிய சொற்பொழிவில் பிரிட்டன் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ், பிரபலத் தொகுப்பாளர் ஒருவரைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடவைத்தது அருமையான உத்தி. ஆனால் அதே மேடையில், தன் கையிலிருந்த வைரத்தைத் தேய்த்துச் சூடாக்கினால் பிரபஞ்சத்தின் எல்லா எலெக்ட்ரான்களும் அக்கணமே தம் ஆற்றலை மாற்றிக்கொள்ளும் என்று அவர் சொன்னது, சக இயற்பியலாளர்களின் கடும் மறுப்புக்கு உள்ளாயிற்று. ஆகவே, படப்பிடிப்புக்கு முன் எழுத்துப்படியை இத்துறையில் ஆய்வு செய்பவர் ஒருவரும் மேல்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் படித்துத் திருத்த வேண்டும். திருத்தத்தை ஏற்கும் கடமை இயக்குநருக்கு இருக்க வேண்டும். குவாண்டம் பதக்கம், குவாண்டம் சிகிச்சை என்று விற்பவர்களின் விளம்பரம் அந்த அரை மணி நேரத்தில் வரக் கூடாது என்பதையும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. குவாண்டம் தகவல்தொடர்புக்கான அதன் மையம் சென்னை ஐஐடியில் அமைந்துள்ளது. பேசுவதற்குத் தமிழறிந்த ஆய்வாளர்கள் கிடைக்கமாட்டார்கள் என்ற தயக்கம் வேண்டாம். வருகிற பிப்ரவரி 28ஆம் நாள் மாலையில், மேலே சொன்ன இரு வடிகட்டிச் சோதனையோடு தொடங்கும் நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்ப இப்போதே திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்