பழவேற்காடு ஏரிக்கரை இறங்குதுறையில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறையைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்கள் சார்பாக,
பழவேற்காடு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: எங்கள் குப்பத்து இறங்குதுறையில் கட்டி முடித்தும் பயன்பாட்டுக்கு வராத கழிப்பறையைத் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: குறைதீர் நாளில் நேரில் அளித்த எங்கள் மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழவேற்காட்டைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாலத்தில் வண்டிகளை நிறுத்திப் பூநாரைகளைப் பார்க்கும் கூட்டத்தையும், டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளையும் தாங்கள் நேரில் கண்டவர். ஆகவே ஊரின் பெருமையை விரிக்காமல், எங்களை நாள்தோறும் வருத்தும் ஒரே ஒரு குறையை மட்டும் பணிவுடன் தங்கள் பார்வைக்குக் கொண்டு வருகிறேன்.

1. இறங்குதுறைக்கு அருகில், பெண்களுக்கு மூன்று அறைகளும் ஆண்களுக்கு மூன்று அறைகளுமாகக் கழிப்பறை ஒன்று கட்டப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திறப்பு விழா நடந்த வாரத்தில் லாரித் தண்ணீர் வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் மோட்டார் பழுதானது. கதவில் பூட்டு விழுந்தது.

2. எங்கள் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு ஏலத்துக்கு வருகிறார்கள். மடவையும் இறாலும் நண்டும் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, விற்று முடித்து வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அந்த எட்டு மணி நேரமும் அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பதை ஐயா அவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். முன்பு கரையோரத்தில் சீமைக்கருவேலம் புதர்கள் இருந்தன. வண்டிகள் நிறுத்த இடம் வேண்டுமென்று அவற்றை வெட்டியபின் அந்த மறைவும் இல்லை. இதற்குப் பெண்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. என் சொந்த அக்கா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கரையில் மீன் விற்பவர். முதல் நாள் இரவுச் சோற்றோடு தண்ணீரை நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலிலும் அவர் கொண்டு போகும் பாட்டில் நிறைந்தபடியேதான் வீட்டுக்குத் திரும்பி வரும். மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்து, நான்காம் முறை கல் என்றார்கள். "நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது, "குடித்துவிட்டு எங்கே போவது அம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்குத் தலை நிமிரவில்லை. மாதவிலக்கு நாள்களில் இளம்பெண்கள் ஏலத்துக்கே வருவதில்லை. அந்த நாள்களின் வருமானம் போனதுதான். இடுப்பளவு நீரில், பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் கரையேறி ஈரத்துணி மாற்றவும் அங்கே ஒரு சுவர் மறைவு கிடையாது.

3. ஊரைக் காண வருகிறவர்கள் நிலையும் இதுவே. 2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த துயரத்துக்குப் பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன். அதன்பின் கூட்டம் முழுவதும் கரையிலேயே தங்குகிறது. கடந்த காணும் பொங்கலன்று நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டு வந்தார். என் வீட்டில் இடம் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு குடம் நல்ல தண்ணீரும் தீர்ந்தது. வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு போக்கிடம் இல்லாத ஆண்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரை நாடுகிறார்கள். 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், அந்தச் சுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறேன்.

4. சாவி யாரிடம் இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி ஒன்றரை ஆண்டாக அலைகிறேன். ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தக்காரரிடம் என்றார்கள். ஒப்பந்தக்காரர் ஒப்படைத்தாயிற்று என்றார். ஒப்படைத்த அலுவலகத்தில் பழைய எழுத்தர் மாறுதலாகிப் போய்விட்டார் என்றார்கள். எங்கள் முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது. இரண்டாவதுக்கு "நடவடிக்கையில் உள்ளது" என்று குறுஞ்செய்தி வந்தது. மூன்றாவதுக்கு அதுவும் இல்லை. ஐயா, சென்ற வாரம் அந்தப் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தேன். உப்புக்காற்றில் துருவேறி, சாவித் துளையே அடைந்துபோயிருக்கிறது. இனிச் சாவி கிடைத்தாலும் அந்தப் பூட்டு திறக்காது. 2019 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஊரகப் பகுதி முழுவதும் திறந்தவெளிக் கழிப்பிடமற்றது என்று அறிவித்தார்கள். அதே வாசகம் இந்தக் கட்டடத்தின் சுவரிலும் எழுதியிருக்கிறது. பூட்டிய கதவுக்கு மேலே அதை எழுதி வைத்தால் படிக்கத் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன விளக்கம் சொல்வது?

5. பூட்டைத் திறப்பதோடு வேலை முடியாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இங்கே இரண்டடி தோண்டினால் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்போதுள்ள உறிஞ்சு குழி நிரம்பிக் கழிவு ஏரிக்குப் போகும். அதே ஏரியில்தான் நாங்கள் இறால் பிடிக்கிறோம். மூடிய தொட்டியைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டி, கழிவுநீர் ஊர்தி வாரந்தோறும் வந்து எடுத்துச் செல்ல வேண்டும்.

6. திறந்துவிடுங்கள் ஐயா.

ஆகவே, துருவேறிய பூட்டை உடைத்துக் கழிப்பறையைத் திறக்கவும், குடிநீர்க் குழாயிலிருந்து ஓர் இணைப்பு கொடுக்கவும், தொட்டியை மாற்றிக் கட்டவும், விடியற்காலை நான்கு மணிமுதல் இரவுவரை பராமரிக்க எங்கள் பெண்களில் இருவரைக் கூலிக்கு அமர்த்தவும் தாங்கள் உத்தரவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் பார்வையிட வருவதாக இருந்தால், முன்னறிவிப்பின்றி, ஏலம் நடக்கும் நேரத்தில் வாருங்கள். என் அக்கா கிழக்கோரத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மனு ரசீது நகல் – 1; மீன் விற்கும் பெண்கள் 64 பேரின் கையொப்பமும் கைநாட்டும்.