ஞாயிறு நடை: அரிட்டாபட்டி

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி போகிறோம். காலை 5.45க்கு மாட்டுத்தாவணியில், மேலூர் பஸ் நிற்கும் இடத்தில் இருங்கள். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம். "இதோ தெருமுனையில் இருக்கிறேன்" என்று போன் செய்தால் இந்த முறை காத்திருக்க மாட்டோம்.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் தொடங்கி, குடைவரை சிவன் கோயில், அப்புறம் கழிஞ்சமலைக் குகையில் சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கை. கோயிலில் லகுலீசர் (சிவனின் அவதாரமாகக் கருதப்படுபவர்) சிற்பத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைப்பது. குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வடியாமல் இருக்க வெட்டிய நீர்வடி விளிம்புக்குக் கீழே, தமிழி எழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து, இருக்கிறது. நேராகப் பார்த்தால் வெறும் பாறைதான். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும். அதற்குத்தான் இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறோம். அதன்மேல் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கும் வேலை வேண்டாம், சொல்லிவிட்டேன்.

2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. பாறை இடுக்குகளில் வல்லூறு இருக்கும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே விட்டுவாருங்கள்.

ரப்பர் செருப்பு வேண்டாம். போன தடவை கருவேல முள் என் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி, இரண்டு நாள் நொண்டினேன். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மதியத்துக்குப் புளிசோறோ தயிர்சோறோ கட்டிக்கொள்ளுங்கள், ஊறுகாய் நான் கொண்டுவருகிறேன்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.